‘கழுவித்தானே ஏத்துவீங்க?’: ஸ்டெம் செல் மாற்று மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடத்தும் மருத்துவர்களுக்கும், ஒப்புதல் படிவங்களுக்கு இறுதி வடிவம் தரும் மருத்துவமனைக் குழுக்களுக்கும் வணக்கம்.

நீங்கள் நோயாளிக்கு ஏற்றும் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச் செல்) பைகளை எடை போட்டு, எண்ணிப் பார்த்து, லேபிள் ஒட்டிக் குளிரில் வைக்கும் ஆய்வக ஊழியர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் நோயாளியின் வீட்டார் எங்களிடம் கேட்டுவிடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் நாங்கள் டாக்டர் இல்லை என்பது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படி வரும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் மாறுவதில்லை: “ஏம்மா, அவரு ரத்தத்துல இருந்துதானே எடுக்கறீங்க? அதுலயும் அந்த நோவு கலந்திருக்கும்ல? கழுவித்தானே திருப்பி ஏத்துவீங்க?”

“டாக்டர்கிட்ட கேளுங்கம்மா” என்று சொல்லத்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். டாக்டரிடம் அவர்கள் கேட்பதில்லை. ரவுண்ட்ஸ் நேரத்தில் ஐந்து பேர் சூழ நிற்கும் உங்களிடம், பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு மனைவி எப்படி இதைக் கேட்பாள்? கேட்டவர்களுக்கும் “அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்” என்ற பதில்தான் கிடைத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மையான பதில், நாம் கழுவுவதில்லை என்பதே. மைலோமா, லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய்களுக்கு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே முதலில் எடுத்து வைத்து, மஜ்ஜையையும் அழித்துவிடும் அளவு கடுமையான கீமோ கொடுத்த பின் திருப்பி ஏற்றும் ‘ஆட்டோ’ மாற்றில், புற்றுநோய் செல்லைப் பிரித்தெடுக்கும் வேலை எதுவும் வழக்கமாக நடப்பதில்லை. அப்படிச் செய்யாததற்கு நல்ல காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களை நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் புகார். சுத்திகரிக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. ஏன் சுத்திகரிக்கவில்லை என்பதை, கையெழுத்து வாங்கும் முன் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்கும் ஜி.சி.எஸ்.எஃப் ஊசியை நாலைந்து நாள் போட்டு, எலும்பெல்லாம் குடைகிற வலியோடு நோயாளி, ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்தெடுக்கும் ஏஃபெரிசிஸ் மெஷினுக்கு வருவார். நாலைந்து மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்புக்குள் போனதும் உதடு மரத்து, விரல் நுனி சுரீர் சுரீர் என்னும், கால்சியம் கொடுப்போம். தலைக்கு மேலே தொங்கும் பை மெல்ல மெல்ல நிறைவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்ற யோசனை வராமல் இருக்குமா?

பை எங்களிடம் வந்ததும் ஒரு துளி, செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்குப் போகும், ஒரு துளி கிருமி வளர்ப்புக்குப் போகும். அறிக்கையில் நாலு வரி எழுதுவோம்: வெள்ளணு எத்தனை, சி.டி.34 (ஸ்டெம் செல்லின் அடையாளப் புரதம்) உள்ள செல் எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை சதவீதம், கிருமி வளர்ந்ததா இல்லையா. புற்றுநோய் செல் எத்தனை என்று ஐந்தாவது வரி கிடையாது. அந்த வரியை யாரும் மறைத்து வைக்கவில்லை, வழக்கமாக அந்தச் சோதனையே செய்யப்படுவதில்லை.

சோதித்தால் என்ன இருக்கும்? ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 50 லட்சம் சி.டி.34 செல் என்று எடுத்தால், பையில் 30 கோடி இருக்கும். பையிலுள்ள மொத்தச் செல்களில் சி.டி.34 ஏறக்குறைய நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,000 கோடி. அதில் லட்சத்துக்கு ஒன்று மைலோமா செல் என்றாலும் மூன்று லட்சம் செல் திரும்ப உடம்புக்குள் போகிறது. கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அதே லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கை அவருடைய எலும்பு மஜ்ஜைக்கும் போட்டுப் பாருங்கள். மஜ்ஜையில் இருப்பது லட்சம் கோடி அளவில் செல்கள். அங்கே ஒரு கோடி மைலோமா செல் உட்கார்ந்திருக்கிறது. மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோ மருந்தான மெல்ஃபலான் அதில் பெரும்பகுதியைக் கொல்லும், ஒன்றுவிடாமல் கொல்வதில்லை. அப்புறம் நோய் திரும்பி வந்தால், அது பையிலிருந்து வந்ததா, உடம்பிலேயே தங்கியிருந்ததா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மருத்துவ உலகம் முப்பது வருஷம் மெனக்கெட்டது. அந்தக் கதை உங்களுக்குப் பாடம். மற்றவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரிசியில் கல் கலந்திருந்தால் இரண்டு வழி உண்டு. கல்லைப் பொறுக்கி எறியலாம், அல்லது நல்ல அரிசியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிடலாம். ஸ்டெம் செல்லிலும் இந்த இரண்டையும் செய்து பார்த்தார்கள். 1984-ல், நார்வேயின் ஜான் உகெல்ஸ்டாட் உருவாக்கிய காந்த மணிகளில், குறிப்பிட்ட செல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஒட்டி, நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் மஜ்ஜையிலிருந்து புற்றுநோய் செல்லைக் காந்தத்தால் இழுத்தெடுக்கும் முறையை லண்டன் குழு ஒன்று வெளியிட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தின் உறவுக்கார மருந்து ஒன்றை வெளியே எடுத்த மஜ்ஜையிலேயே ஊற்றி, லுக்கீமியா செல்லை அங்கேயே கொல்லப் பார்த்தார்கள். இரண்டாவது வழிக்கும் வாசல் திறந்தது அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில்தான். கர்ட் சிவின் 1984-ல் கண்டறிந்த ஆன்டிபாடி அடையாளம் காட்டிய புரதத்தைத்தான் இன்று சி.டி.34 என்கிறோம். நான் தினமும் எண்ணுவது அதைத்தான்.

1991-ல் பாஸ்டனின் டேனா-ஃபார்பர் நிலையத்திலிருந்து வந்த ஆய்வு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. லிம்போமா நோயாளிகள் 114 பேரின் மஜ்ஜையை ஆன்டிபாடியால் சுத்திகரித்து, மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பி.சி.ஆர் மூலம் தேடினார்கள். பாதிப் பேருக்கு, அதாவது 57 பேருக்கு, எதுவும் தென்படவில்லை. அவர்களுக்கு நோய் திரும்புவது மற்றவர்களை விட வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1993-ல், மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் மஜ்ஜையைத் திருப்பி ஏற்றும் முன், செல்களில் ஒரு ஜீன் அடையாளத்தைப் போட்டிருந்தார்கள். நோய் திரும்பியபோது அந்தப் புற்றுநோய் செல்லிலேயே அந்த அடையாளம் இருந்தது. பையிலிருந்து போன செல் நோயைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்பது அதோடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆனது.

எங்களிடம் கேட்கும் அந்த மனைவியின் பயம் மூட நம்பிக்கை அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். லான்செட் இதழில் அச்சான பயம் அது.

ஆனால் மெம்ஃபிஸ் சொன்னது ‘முடியும்’ என்பதை மட்டும். எத்தனை பேருக்கு அப்படி நடக்கிறது, சுத்திகரித்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதை அது சொல்லவில்லை. பாஸ்டன் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. பை சுத்தமாக வந்தவர்கள் உடம்பிலேயே நோய் குறைவாக இருந்தவர்களாகவும் இருக்கலாம் அல்லவா? குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்தும் பார்த்தார்கள். மைலோமாவில், 2001-ல் வெளியான 190 பேர் ஆய்வில், சி.டி.34 தேர்வு பையிலிருந்த புற்றுநோய் செல்லை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தது. நோயாளிகளின் ஆயுள் ஒரு பிடி கூடவில்லை. ஃபாலிகுலர் என்ற வகை லிம்போமாவில் ஐரோப்பிய ஆய்வு ஒன்று, 2003-ல் வெளியானது. வெறும் கீமோவை விட மாற்று சிகிச்சை நல்லது என்று காட்டிய அதே ஆய்வு, சுத்திகரித்த பைக்கும் சுத்திகரிக்காத பைக்கும் தெளிவான வித்தியாசம் காட்டவில்லை. ஆள் போதாமல் பாதியில் நின்ற சின்ன ஆய்வு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூரோபிளாஸ்டோமாவில் வட அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், சுத்திகரித்த குழுவில் 40 சதவீதம், சுத்திகரிக்காத குழுவில் 36 சதவீதம். அந்த நாலு சதவீத இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது.

சுத்திகரிப்புக்குக் கொடுக்க வேண்டிய விலையும் சின்னதல்ல. பணத்தை விடுங்கள், செல்லே நஷ்டமாகும். கிலோவுக்கு 20 லட்சம் என்ற குறைந்தபட்ச அளவையே மூன்று நாள் மெஷினில் படுத்து, செல்லை ரத்தத்துக்கு வரவழைக்கும் பிளெரிக்ஸாஃபோர் ஊசியும் போட்டு எட்டிப் பிடிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய பையை ஒரு காந்தத் தூண் வழியாக விட்டு, நல்ல செல்லில் ஒரு பங்கை இழக்க எந்த ஆய்வகத்துக்குக் கை வரும்? இன்னொரு விஷயம், நல்ல அரிசியை மட்டும் எடுத்தால் மிச்சத்தில் போவது கல் மட்டுமல்ல, நோயோடு போராடும் டி-செல் என்ற வெள்ளணுவும் அதிலேயே போய்விடுகிறது. சி.டி.34 தேர்வு செய்த பை ஏற்றியவர்களுக்கு சி.எம்.வி வைரஸ் நோய் கணிசமாகக் கூடியது என்று சியாட்டிலில் இருந்து 1999-லேயே எழுதினார்கள். பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் சி.எம்.வி. உறங்கிக்கொண்டிருக்கும் நம் நாட்டில் அது சாதாரண விஷயமல்ல.

இதற்கு நடுவில் நம் ஊர் நடைமுறை ஒன்றும் இருக்கிறது. மைலோமாவுக்குப் பல இந்திய மையங்கள் பையை உறைய வைப்பதே இல்லை. நாலு டிகிரியில், ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் போன்ற ஒன்றில் வைத்து, மெல்ஃபலான் கொடுத்து ஒரு நாள் விட்டு அப்படியே ஏற்றிவிடுகிறோம். திரவ நைட்ரஜன் செலவு மிச்சம், உறைய வைக்கச் சேர்க்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவத்தின் நாற்றமும் குமட்டலும் மிச்சம். வெளிநாட்டுக்காரர்கள் முதலில் புருவம் உயர்த்தினார்கள், இப்போது அவர்களும் அதைப் பற்றிப் படிக்கிறார்கள். ஏழை நோயாளிக்கும் மாற்று சிகிச்சையை எட்டச் செய்த எளிமை இது. அதில் சுத்திகரிப்பைக் கொண்டுவந்து சொருகினால் நேரமும் செலவும் ஏறி, பலருக்கு மாற்று சிகிச்சையே கைக்கெட்டாமல் போகும். கழுவாத பையோடு நடக்கும் சிகிச்சையே நோயைத் தள்ளிப்போடுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2017-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மாற்று செய்துகொண்ட மைலோமா நோயாளிகளுக்கு நோய் முன்னேறாமல் கிடைத்த காலம் 50 மாதம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 36 மாதம். நோயாளிக்கு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘அதான் முடிந்துபோன விஷயமாயிற்றே’ என்று நீங்கள் சொல்லலாம். அந்த இடத்தில் நான் உங்களோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கதை என்னை விட மறுக்கிறது.

எலியின் ரத்த ஸ்டெம் செல்லை 1988-ல் முதன்முதலில் தனியாகப் பிரித்துக் காட்டியது ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மன் குழு. அதே வருஷம் அவர் சிஸ்டமிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சி.டி.34 மட்டும் போதாது, தை-1 என்ற இன்னொரு அடையாளமும் சேர்ந்த செல்லை மட்டும் அதிவேக செல் பிரிப்பானில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தால் புற்றுநோய் செல் கிட்டத்தட்ட அறவே இருக்காது என்பது அவர்கள் வழி. 1990-களின் பிற்பாதியில், உடம்பெங்கும் பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 22 பெண்களுக்கு அப்படிப் பிரித்த செல்லை ஏற்றினார்கள். செல் ஒட்டியது, ரத்த அணு ஏறியது. கம்பெனி ஏற்கெனவே சாண்டோஸ், நோவார்டிஸ் என்று கை மாறியிருந்தது, பிறகு திட்டம் கைவிடப்பட்டது. நேரமும் சரியில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அதிக டோஸ் கீமோவும் மாற்று சிகிச்சையும் பலன் தரும் என்று தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா சொன்ன முடிவுகள் 2000-ல் மோசடி என்று அம்பலமாகின. அதே வருஷம் அமெரிக்கக் குலுக்கல் ஆய்வும் பலனில்லை என்றது. அந்தத் துறையே கடையைக் கட்டியது. அந்த ஆய்வுகளில் போனவை பெரும்பாலும் கழுவாத பைகள்தானே என்று அப்போது நின்று கேட்க யாருக்கும் பொறுமையில்லை.

2012-ல் ஸ்டான்ஃபோர்டு குழு பழைய கோப்பைத் திறந்து பார்த்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும், பிரித்த செல் வாங்கிய 22 பேரில் 5 பேர் உயிரோடு இருந்தார்கள். அதே காலத்தில் அங்கேயே சாதாரணப் பை வாங்கிய 74 பேரில் 7 பேர். 23 சதவீதம், 9 சதவீதம். இது நிரூபணம் அல்ல. 22 என்பது நிரூபிக்கப் போதாத எண், குலுக்கலும் நடக்கவில்லை. எனக்குள்ள வருத்தம், பதில் கிடைக்காமலேயே அந்தக் கேள்வி மூடப்பட்டது என்பது. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தது உதவவில்லை என்பதால் லட்சத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் உதவாது என்று யாரும் காட்டவில்லை. ஆகவே நோயாளியிடம் பேசும்போது ‘சுத்திகரிப்பது வீண்’ என்று அடித்துச் சொல்லாமல், ‘இதுவரை செய்து பார்த்த முறைகளில் பலன் தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் புரியும்.

இன்னொரு பக்கத்தில் இந்தக் கேள்வி புது உருவில் திரும்பி வந்திருக்கிறது. நோயாளியின் டி-செல்லை எடுத்து, புற்றுநோய் செல்லைத் தேடிக் கொல்லும்படி ‘கார்’ என்ற ஜீனைச் சேர்த்துத் திருப்பி ஏற்றுவது கார்-டி சிகிச்சை. 2023 அக்டோபரில் இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சைக்கு, ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து வளர்த்த நெக்ஸ்கார்19-க்கு, அனுமதி கிடைத்தது. அங்கேயும் புற்றுநோயாளியின் ரத்தத்திலிருந்துதான் செல்லை எடுக்கிறோம். 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒரு இளைஞரின் கதையை எழுதியது. டி-செல்லோடு தப்பித்தவறி வந்த ஒரே ஒரு லுக்கீமியா செல்லுக்குள்ளும் கார் ஜீன் நுழைந்துவிட்டது. அந்த ஜீன் உண்டாக்கிய புரதம் அந்தச் செல்லின் மேலிருந்த, கார்-டி செல் தேடும் அடையாளமான சி.டி.19-ஐயே மூடி மறைத்துவிட்டது. கார்-டி செல் அதைக் கண்டுகொள்ளவில்லை, நோய் திரும்பி வந்தது. அபூர்வமான நிகழ்வுதான். இருந்தாலும் ‘பையில் என்ன இருக்கிறது’ என்பதைப் பழங்காலத்துக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, நான் கேட்பது என்ன? ஐந்தாவது வரியை எல்லா அறிக்கையிலும் சேர்க்கச் சொல்லவில்லை. சோதனை முடிவு சிகிச்சையை மாற்றாது என்றால் அந்தச் சோதனை நோயாளிக்குச் செலவையும் தூக்கமின்மையையும்தான் தரும். பிளாஸ்மா செல் லுக்கீமியா போல ரத்தத்திலேயே நோய் ஓடும் சிலருக்கு மட்டும், சேகரிக்கும் முன் இன்னொரு சுற்று மருந்து கொடுத்து உடம்புக்குள்ளேயே நோயைக் குறைக்க முடியுமா என்று யோசிப்பீர்கள், அதைத்தான் செய்துகொண்டும் இருக்கிறீர்கள். லிம்போமா செல்லைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து வந்த பிறகு அந்த நோயில் கழுவும் வேலையின் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இதையும் நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை. ஒருவகையில் ‘கழுவித்தான் எடுக்கிறோம்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைக்கூடப் பயன்படுத்திக்கொள்வதில்லை!

வேலூரில் முதல் மஜ்ஜை மாற்று நடந்தது 1986-ல். இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகும் நான் பார்த்த ஒப்புதல் படிவங்கள் ஆங்கிலத்தில் பல பக்கம், தமிழில் கையெழுத்துப் போடும் இடம் மட்டும். தமிழ்ப் படிவம் இருந்தாலும் அது படிக்க முடியாத தமிழாக இருக்கிறது. முடி கொட்டும், வாய் புண்ணாகும், கிருமி தொற்றும், உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. பையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எங்களைப் போன்ற ஆய்வக ஊழியர்களும் நர்சுகளும் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல அனுமதி கொடுங்கள், என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். ஒருவர் ஒன்று சொல்லி இன்னொருவர் வேறொன்று சொன்னால் அது மௌனத்தை விட மோசம்.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போக வேண்டாம் என்று, படிவத்தில் சேர்க்க ஒரு பத்தியை நானே எழுதிப் பார்த்தேன்:

“உங்கள் ரத்தத்திலிருந்து சேகரிக்கும் ஸ்டெம் செல்லோடு, கண்ணுக்கும் வழக்கமான சோதனைக்கும் தென்படாத அளவில் புற்றுநோய் செல்லும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. சேகரிப்பதற்கு முன் மருந்து கொடுத்து நோயைக் குறைப்பதன் ஒரு நோக்கம் இந்த வாய்ப்பைக் குறைப்பது. சேகரித்த பிறகு புற்றுநோய் செல்லைப் பிரித்தெடுக்கும் முறைகளை உலகின் பல மருத்துவமனைகளில் செய்து பார்த்தார்கள். அவற்றால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகப் பெரிய ஆய்வுகளில் இதுவரை தெரியவில்லை. நல்ல செல் குறைவதும், சில தொற்றுகள் கூடுவதும் தெரிந்தது. எனவே இங்கே அதைச் செய்வதில்லை. சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பினால், பெரும்பாலும் அது உடம்பில் மருந்துக்குத் தப்பித் தங்கியிருந்த செல்லிலிருந்து வருகிறது என்றே கருதுகிறோம். உங்கள் நோய்க்கு இதில் ஏதாவது மாறுபடுமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.”

இதில் மருத்துவப் பிழை இருந்தால் திருத்துங்கள், நீளம் என்றால் வெட்டுங்கள். லிம்போமாவுக்கு ஒரு வாசகம், மைலோமாவுக்கு ஒரு வாசகம் என்று பிரித்தாலும் நல்லதே. எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதும் உங்கள் விருப்பம். கையெழுத்துப் போடும் பக்கத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், நோயாளிக்கு ஊசி தொடங்கும் முன் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டெம் செல் ஆய்வக ஊழியர் ஒருத்தி